கூலியும் அரிசியும்
தோட்டத் தமிழர் வரவுசெலவின் வரலாறு

மன்னர்களின் போர்களையும் ஆளுநர்களின் ஆணைகளையும் வரிசைப்படுத்தி எழுதுவதே வரலாறு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. ஆயின், உழைத்துண்ணும் மக்களின் வரலாறு அவ்வேடுகளில் அடங்குவதன்று. அது அவர்களுடைய அடுப்படியில் எழுதப்பட்டது. மாத முதல் வாரத்தில் பெற்ற சம்பளம் மாத இறுதி வரை எட்டியதா என்னும் ஒரே கேள்விக்குள் மலாயாத் தமிழர் தம் நூற்றாண்டு வாழ்வின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

கூலி என்பது வெறும் எண்ணன்று. ஐம்பது காசு என்பது மிகுதியா, குறைவா என்று கேட்டால், அதனைத் தனியே வைத்து விடை கூற இயலாது. அக்காசு எத்தனை நாளைக்கு அரிசி வாங்கிற்று, எத்தனை பேருக்குச் சோறிட்டது, எஞ்சியது என்ன என்பனவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அதன் உண்மை அளவு புலப்படும். நம் தோட்டப்புற முன்னோர் பெற்ற கூலியை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூலியை வகுத்த கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சஞ்சிக்கூலிகளாகத் தமிழர் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டனர். கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்த அவர்கள், கடல் கடந்த செலவையே கடனாகச் சுமந்து வந்தவர்கள். கடன் தீரும்வரை கால் பெயர்க்க இயலாது. 1910ஆம் ஆண்டில் இம்முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1907இல், தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, தொழிலாளரை வேலைக்கமர்த்திய முதலாளிமாரிடமிருந்து தொகை திரட்டப்பட்டது. கப்பற் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குச் சென்று உற்றார் உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். சட்டத்தின் கண்ணுக்கு இவர்கள் கடனற்றவர்கள், ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமை பெற்றவர்கள்.

சட்டப்படி கடனில்லை, வாழ்விலோ கடன் ஒழியவில்லை. ஏன்? இதற்கு விடை காண, கூலி எவ்வாறு நிர்ணயிக்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்கீழ், இந்தியத் தொழிலாளருக்குரிய நிலைக்கூலியை வகுக்கும் அதிகாரம் குடியேற்றக் குழுவிடம் அளிக்கப்பட்டது. அரசாங்க அதிகாரிகளும் தோட்ட முதலாளிமாருமே அக்குழுவில் மேலோங்கி நின்றனர். தொழிலாளியின் தேவைகளைக் கணக்கிட்டுக் கூலியை வகுப்பது அவர்தம் முறை. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என விதிக்கப்பட்டது. பகாங்கின் உட்பகுதிகளில் பொருள்விலை மிகுதி என்பதால் அங்கு ஆணுக்கு 58 காசும் பெண்ணுக்கு 46 காசும் விதித்தனர். விலை ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்னும் நியாயத்தை அன்றைய ஆட்சியே ஏற்றுக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த எட்டுக் காசு வேறுபாடு சான்றாகும்.

ஆயினும் கணக்கின் அடிப்படை பழுதுடையது. ஆணின் கூலி அவன் ஒருவனுக்கும், பெண்ணின் கூலி அவள் ஒருத்திக்கும் ஏறக்குறையப் போதுமாறு வகுக்கப்பட்டது. குழந்தை யாருடைய கூலியில் உண்ணும்? முதிய தாய் யாருடைய கூலியில் வாழ்வாள்? பிள்ளைப்பேற்றால் மனைவி பெரட்டுக்குச் செல்லாத மாதங்களில் இல்லம் எதைக்கொண்டு நடக்கும்? இக்கேள்விகளுக்கு அக்கணக்கில் தக்க இடமில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூரில் பஞ்சத்தோடு போராடுபவனை இழுத்து வருவதற்கு எவ்வளவு கூலி போதுமோ அவ்வளவே கூலி என்பதுதான் உட்கிடக்கை.

மாணவர்கள் இதனை ஓர் எளிய கணக்காகச் செய்து பார்க்கலாம். மாதத்தில் 24 நாளுக்கு வேலை கொடுத்தல் முதலாளியின் கடமை. 24 நாளும் தவறாது பெரட்டுக்குச் சென்றால் ஆணுக்கு 12 வெள்ளி, பெண்ணுக்கு 9 வெள்ளி 60 காசு. இருவரும் உழைத்தால் 21 வெள்ளி 60 காசு. மனைவி ஒரு மாதம் படுத்துவிட்டால் இல்லத்தின் வருவாயில் ஏறத்தாழப் பாதி மறைந்துபோகும். உண்ணும் வாய்களோ அம்மாதத்தில் ஒன்று கூடியிருக்கும்.

இரண்டு விலைகளுக்கு இடையே

தோட்டத் தொழிலாளியின் வாழ்வு இரண்டு விலைகளுக்கு இடையே நசுங்கியது. ஒன்று, அவன் சீவிய பால் இலண்டன் சந்தையில் பெற்ற விலை. மற்றொன்று, அவன் உண்ட அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்து சேர்ந்த விலை. இரண்டில் எதனையும் அவன் தீர்மானிக்கவில்லை. தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைக் கப்பலில் எதிர்நோக்கியிருந்த நாடு அன்றைய மலாயா. ஈயத்தையும் ரப்பரையும் விற்று அரிசி வாங்கி உண்டது.

முதல் உலகப் போரின் இறுதியில் இந்நிலையின் ஆபத்து வெளிப்பட்டது. இந்தியாவில் மழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. சயாமிலும் விளைச்சல் குன்றியது. 1919 முதல் 1921 வரை மலாயாவில் அரிசி விலை கடுமையாக உயர்ந்தது. 1919இல் பினாங்கில் அரிசிக் கலகமே மூண்டது. அரசாங்கம் அரிசியை வாங்கி விலையைக் கட்டுப்படுத்திப் பங்கிட முற்பட்டது. தோட்ட முதலாளிமாரும் தொழிலாளருக்கு அடக்க விலைக்குக் குறைவாக அரிசி விற்க நேர்ந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கூலியை உயர்த்துவதைவிட அரிசியை மலிவாக விற்பதையே முதலாளிமார் விரும்பினர். உயர்த்திய கூலியைக் குறைப்பது கடினம், மலிவு அரிசியை எந்நாளும் நிறுத்திவிடலாம். பசி தணிந்தது உண்மையே. ஆனால் தொழிலாளியின் கையில் உரிமையாக எதுவும் மிஞ்சவில்லை.

மந்த காலம்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இரண்டாம் சோதனை. 1932இல் ஓர் இராத்தல் ரப்பர் ஒற்றை இலக்கக் காசுகளுக்கு விலைபோயிற்று. தோட்டங்கள் பல வெட்டை நிறுத்தின. ஐம்பது காசுக் கூலி நாற்பதாகி, பின்னர் முப்பது காசையொட்டி வீழ்ந்தது. வேலையற்றோர் இந்தியாவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1930க்கும் 1932க்கும் இடையே அவ்வாறு கப்பலேறியோர் தொகை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டது.

அரிசி விலையும் வீழ்ந்துவிட்டதாகலின் கூலியைக் குறைத்தது முறையே என்று முதலாளிமார் வாதிட்டனர். அரிசி விலை வீழ்ந்தது மெய்தான். எனினும், இவ்வாதம் பாதி உண்மையே. கூலி குறைந்தால் கடன் குறைவதில்லை. ஐம்பது காசுக் காலத்தில் வாங்கிய பத்து வெள்ளிக் கடனை அடைக்க அன்று 20 நாள் உழைப்புப் போதும். முப்பது காசுக் காலத்தில் அதே கடனுக்கு 34 நாள் உழைக்க வேண்டும். வட்டியோ கூடிக்கொண்டே போகும். ஊரில் அடகு வைத்த நிலத்தை மீட்கவும் முதிய பெற்றோரைக் காக்கவும் அனுப்ப வேண்டிய தொகையும் மலாயாவின் ரப்பர் விலையைப் பார்த்துச் சுருங்குவதன்று.

ரப்பர் விலை வீழ்ந்தபோது கூலி விரைந்து வீழ்ந்தது. விலை எழுந்தபோது கூலி அவ்விரைவில் எழவில்லை. 1934இல் அனைத்துலக ரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் ஏற்பட்டு விலை தேறிய பின்னரும் பழைய நிலைக்கூலி திரும்பவில்லை. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 50, 40 காசுக் கூலியை மீட்டளிக்க வேண்டும் என்று 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை பரிந்துரைத்தது. கூலியும் மீண்டது. எனினும், ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு முன் வகுத்த கூலியையே எட்டிப் பிடித்ததை முன்னேற்றம் எனல் தகுமோ?

அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. 1938இல் ரப்பர் விலை மீண்டும் சரிந்தபோது கூலி மீண்டும் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவிற்குத் தொழிலாளர் குடியேறுவதைத் தடை செய்தது. கங்காணி முறை அத்துடன் முடிவுற்றது. வேண்டும்போது அழைத்து, வேண்டாதபோது அனுப்பி, கூலியைத் தாழ்த்தி வைத்த வழி அடைபட்டது.

இடைவெளியை நிரப்பியவர்கள்

கூலிக்கும் செலவுக்கும் இடையே நிலையான ஓர் இடைவெளி இருந்ததாயின், குடும்பங்கள் எவ்வாறு உயிர் வாழ்ந்தன? இக்கேள்விக்குரிய விடையில்தான் நம் முன்னோரின் உண்மை வரலாறு உள்ளது.

அவ்விடைவெளியை முதலில் நிரப்பியவர்கள் பெண்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்கு நிகராக நிரை பிடித்துப் பால் வெட்டி, ஐந்தில் நான்கு பங்கு கூலி பெற்றனர். வீடு திரும்பிய பின் கூலியில்லாத இரண்டாம் வேலை அவர்களுக்காகக் காத்திருந்தது. லயத்துக்குப் பின்னே கீரைப்பாத்தி, முருங்கை, மரவள்ளி, கோழியும் ஆடும், இயன்றவர்க்கு ஒரு பசு. குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிட ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் அளிக்க வேண்டும் என்று சட்டமும் கூறிற்று. அந்தச் சிறு நிலத்துப் பயிர், வழங்கப்படாத கூலியின் ஒரு பகுதியே ஆகும்.

அடுத்தது கடை. தோட்டத்துக் கடைக்காரர் பற்றில் பொருள் கொடுப்பார். மாதமுழுதும் வாங்கிய அரிசியும் பருப்பும் கருவாடும் மிளகாயும் கணக்கேட்டில் ஏறும். சம்பள நாளன்று கணக்கு நேராகும்; மறுநாளே புதுப்பற்றுத் தொடங்கும். பற்றில் வாங்குபவன் விலை பேச முடியாது, வேறு கடைக்கும் போக முடியாது. கையில் காசுள்ளவனுக்கு ஒரு விலை, காசில்லாதவனுக்கு அதனினும் மேலான விலை என்பதே ஏழ்மையின் இலக்கணம். எஞ்சிய காசையும் பறிக்கத் தோட்டத்திலேயே கள்ளுக்கடை திறந்து வைக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது கூட்டு. பத்துப் பன்னிரண்டு பேர் மாதந்தோறும் ஆளுக்கொரு தொகை போட்டு, மாதம் ஒருவராக மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வங்கி வாசலை மிதித்தறியாத பெண்கள், நம்பிக்கையையே முதலாக வைத்து நடத்திய சேமிப்பு அது. ஒரு காது குத்து, ஒரு திருமணம், ஒரு மிதிவண்டி, பள்ளிப் பிள்ளைக்குச் சீருடை என எத்தனையோ காரியங்கள் கூட்டுப் பணத்தால் நிறைவேறின. தொகை போட்டவரை ஏமாற்றி ஓடியவர்களும் உண்டு. 1971இல் கூட்டு நிதியைத் தடைசெய்து சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் தடுத்த பின்னரும் மறைவாக அது வாழ்ந்து வந்தமைக்குக் காரணம், அதன் இடத்தை நிரப்பும் வேறு வாயில் ஏழைகளுக்கு எளிதில் திறவாமையே.

இறுதியாக, அவ்விடைவெளியை நிரப்பியவர்கள் குழந்தைகள். தமிழாசிரியர்களாகிய நாம் நின்று நோக்க வேண்டிய இடம் இதுவே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளியும் அமைந்தது. ஆனால் காலையில் பெற்றோருடன் காட்டிற்குச் சென்று மங்கு துடைத்து, கோட்டுப்பால் உரித்து, வாளி சுமந்த பிள்ளை, களைத்த கண்களோடுதான் அப்பள்ளிக்கு வந்தது. சற்று வளர்ந்ததும் பெயர் பெரட்டில் ஏறியது, பள்ளி இடாப்பில் நீங்கியது. படிப்பில் நாட்டமில்லாதவர்கள் என்று தோட்டத்துப் பெற்றோரைப் பழித்தோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். பிள்ளை ஈட்டும் சில காசு இல்லாவிடில் கடைப்பற்று நேராகாது என்ற நிலையில் இருந்தவர்களை நாட்டமில்லாதவர்கள் என்பது அறமாகாது. குறைந்த கூலியின் விலையை ஒரு தலைமுறை பசியாகவும், மறு தலைமுறை கல்லாமையாகவும் செலுத்தியது.

பெற்றோர் இதனை அறியாதவரும் அல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட பெரும் வேலைநிறுத்தமே சான்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும் என்றதோடு அவர்கள் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியினின்று இறங்க வேண்டும் என்னும் இழிவு ஒழிய வேண்டும், பெண்களின் மானம் காக்கப்பட வேண்டும் எனவும் கோரினர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். கூலி உயர்வு, கல்வி, மானம் ஆகிய மூன்றையும் ஒரே கோரிக்கையாகக் கண்ட அவ்வெளிய மக்களின் தெளிவு நம் வணக்கத்திற்குரியது.

பணமே பொய்யான காலம்

அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானியர் படையெடுத்தனர். ரப்பருக்குச் சந்தை இல்லை. அரிசிக் கப்பலும் இல்லை. வாழைமரம் பொறித்த நோட்டுகள் அளவின்றி அச்சிடப்பட்டன. நோட்டுப் பெருகப் பெருகப் பொருள் அருகிற்று. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு ஆயிரமாயிரவர் மடிந்தனர். 1945இல் பிரித்தானியர் திரும்பியபோது ஜப்பானிய நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. பெட்டியில் கட்டுக்கட்டாய்ச் சேர்த்து வைத்தவர் கையில் வெறுங்காகிதம் மிஞ்சியது. லயத்துக்குப் பின்னே மரவள்ளி நட்டவரோ உயிர் பிழைத்தார். கூலியின் மதிப்பு அதன் எண்ணில் இல்லை, அது வாங்கும் பொருளில் உள்ளது என்பதை இதனினும் கொடிய முறையில் எந்த ஆசிரியரும் கற்பித்திருக்க முடியாது.

சங்கமும் சேமிப்பும்

போருக்குப் பின் அரிசிப் பங்கீடும் கள்ளச்சந்தையும் வாட்டின. தொழிற்சங்கங்கள் எழுந்தன, 1948இல் அவசரகாலம் பிறந்ததும் அவற்றுட் பல ஒடுங்கின. கொரியப் போரினால் 1951இல் ரப்பர் இராத்தலுக்கு 2 வெள்ளியையும் கடந்தது. கூலி ரப்பர் விலையோடு இணைக்கப்பட்டிருந்தமையால் அப்போது கூலியும் உயர்ந்தது. விலை இறங்கியதும் கூலியும் இறங்கிற்று. அரிசிக்கடைக்காரர் ரப்பர் விலை பார்த்து அரிசி விற்பதில்லையே! உழைப்பு ஒன்றே, வியர்வை ஒன்றே. கூலி மட்டும் மாதத்திற்கு மாதம் வேறு.

ஆயினும் இக்காலத்தில் மூன்று அடித்தளங்கள் இடப்பட்டன. 1951இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து, பி. பி. நாராயணனைப் பொதுச் செயலாளராகக் கொண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் தெருவில் நின்ற நேரம் அது. தொழிலாளரிடம் சிறு தவணைகளில் பங்குப்பணம் திரட்டி, 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை அச்சங்கம் வாங்கியது. கூட்டுப் பணத்தில் காது குத்தியவர்களின் அதே சிக்கனம், ஒரு தோட்டத்தையே வாங்கும் ஆற்றலாய் மலர்ந்தது. சிறுதொகையும் ஒழுங்கமைந்தால் பெருஞ்செயல் ஆற்றும் என்பதற்கு நம் வரலாற்றில் இதனினும் சிறந்த சான்று அரிது.

மாதச் சம்பளம் என்னும் எளிய உரிமை தோட்டத் தொழிலாளரை வந்தடைய மேலும் நெடுங்காலமாயிற்று. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை என்பதே அதுவரை விதி. இலையுதிர் காலத்தில் பால் சுருங்கும், வருவாயும் சுருங்கும். 2003இல்தான் 350 ரிங்கிட் மாதச் சம்பளம் உடன்பாடாயிற்று. அதற்குள் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. மக்கள் நகரங்களின் ஓரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். நாடு தழுவிய குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்து, படிப்படியாக உயர்ந்து, 2025இல் 1,700 ரிங்கிட்டாயிற்று.

ஐம்பது காசு எங்கே, 1,700 ரிங்கிட் எங்கே என்று வியப்பவர் உண்டு. ஆனால் லயத்தில் வீட்டு வாடகை இல்லை. பின்புறத்தில் கீரை இருந்தது. வேலைக்கு நடந்தே போகலாம். நகரத்து அடுக்ககத்தில் வாடகை, பேருந்துக் கட்டணம், மின்கட்டணம், குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குக் கூலி என அனைத்திற்கும் காசு வேண்டும். தோட்டத்தில் வழங்கப்படாத கூலியை மண்ணும் ஓரளவு ஈடு செய்தது. நகரத்தில் அந்த மண்ணும் இல்லை.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சிக்கனம் நம்மவர்க்குப் புதிதன்று; ஆனால் சிக்கனம் மட்டுமே அவர்களைக் கரையேற்றவுமில்லை. ஒரு குடும்பம் வாழத் தேவையான கூலியை, ஓர் உடல் உயிர்த்திருக்கத் தேவையான கூலியாகச் சுருக்கிய கணக்கே அவர்தம் வறுமைக்கு வேர். அதனைச் சங்கத்தாலும் கூட்டுறவாலும் எதிர்த்த போதெல்லாம் ஓரடியேனும் முன்னேறினர். தனித்தனியே கடைப்பற்றில் ஒடுங்கியபோது பின்தங்கினர்.

ஆசிரியப் பெருமக்கள் இவ்வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மாணவர்கள் தங்கள் இல்லத்து முதியோரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: ‘உங்கள் ஒரு நாள் கூலி எத்தனை நாள் அரிசிக்கு ஆனது?’ அவ்விடையை இன்றைய கூலியோடும் இன்றைய விலையோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கூலி உயர்ந்தது என்று எவரேனும் கூறும்போது, அது எதை வாங்கும், எத்தனை பேருக்குப் போதும், அதற்காக எந்தப் பிள்ளையின் படிப்பு விலையாகிறது என்று கேட்கும் அறிவு அவர்களுக்கு அமையும். மங்கு துடைத்த கைகளுக்கு எழுதுகோல் எட்டாமற் போன குடும்பங்களின் வழிவந்தோர் நாம். அக்கணக்கைத் தெளிவாகக் கேட்கக் கற்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் கடன்.